ஓடிபி இலக்கணம்

பாயிரம்

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதினால் அதில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்பது மரபு. எட்டையும் முதலிலேயே ஒப்படைத்துவிடுகிறேன். ஆக்கியோன்: கைபேசியில் 114 செயலிகள் வைத்திருப்பவன், அவற்றில் ஒன்றன் கடவுச்சொல்லும் நினைவில் இல்லாதவன். வழி: முன்னோர் யாரும் போகாத வழி, ஆகவே இது முதல்நூல். எல்லை: எங்கள் மொட்டைமாடியின் ஈசானிய மூலை, அங்கேதான் சிக்னல் நான்கு கோடு காட்டும். நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: ஆறு இலக்கம். நுதலிய பொருள்: ஓடிபி. கேட்போர்: 'மீண்டும் அனுப்பு' பொத்தானுக்கு எப்போது உயிர் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போர். பயன்: அந்த முப்பது விநாடி போகும்.

மென்பொருள் மீதும் ஊர் சுற்றுவதன் மீதும் தீராத மோகம் கொண்ட இவ்வாய்வாளர், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தமக்கு வந்த ஓடிபிகளை நோட்டுப் போட்டு எழுதிவைத்தார். காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை பதினொன்று. அன்று அவர் செய்த வேலைகள்: ஆட்டோவில் போனது, ஒரு பார்சல் வாங்கியது, கேஸ் சிலிண்டர் எடுத்துக்கொண்டது, பேருந்துக்கு முன்பதிவு செய்தது. வேலை நான்கு, ஓடிபி பதினொன்று. மீதி ஏழும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே இந்நூல்.

எழுத்ததிகாரம்

ஓடிபியின் எழுத்துகள் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து. ஆட்டோ ஓடிபி நான்கு இலக்கம். வங்கி ஓடிபி பெரும்பாலும் ஆறு. ஆறு இலக்கத்தில் சேரக்கூடிய எண்கள் சரியாகப் பத்து லட்சம். திருடனுக்கு மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்தாலும் பத்து லட்சத்தில் மூன்றுதான். நமக்கும் மூன்று தடவைதான் வாய்ப்பு என்பதும், நாம் அதைத் திருடனைவிடச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறோம் என்பதும் வேறு செய்தி.

'எனக்கு வரும் ஓடிபியில் மட்டும் ஏன் ஒரே எண் ரெண்டு தடவை வருது?' என்று என் மனைவி கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு இலக்கமும் வெவ்வேறாக அமையும் எண்கள் பத்து லட்சத்தில் 1,51,200. மிச்சமுள்ள 8,48,800 எண்களில் ஏதாவது ஓர் இலக்கம் திரும்ப வந்தே தீரும். அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து. இது அவளுக்கு மட்டும் நேரும் சதி இல்லை, எல்லோருக்கும் நேருவதுதான் என்று விளக்கினேன். அவளுக்கு இதில் ஆறுதல் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

பத்தில் ஓர் ஓடிபி பூஜ்யத்தில் தொடங்கும். இடப்பக்கத்துப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளியில் படித்த தலைமுறை அதைச் சொல்லாமல் விட்டுவிடும். கணக்கில் மதிப்பில்லாத ஒன்று கதவைத் திறக்காமல் நிற்க வைப்பது இங்கு மட்டும்தான்.

மாத்திரைக்கு வருவோம். நாழிகைக்கு 24 நிமிடம்; நாளுக்கு 60 நாழிகை. குறுஞ்செய்தியாக வராமல், கைபேசியில் உள்ள செயலியே காட்டும் ஓடிபி ஒன்று உண்டு. அதன் மாத்திரை 30 விநாடி. ஒரு நாழிகைக்கு 48 எண். ஒரு நாளைக்கு 2,880. 2011ல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற இணைய ஆவணம் இதன் சூத்திரத்தைத் தருகிறது. அதற்கு முன்னூல் 2005ல் வந்த ஆர்எஃப்சி 4226. அதற்கும் மூலம் தேடினால் லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிஞர் 1981ல் எழுதிய ஒரு கட்டுரையில் போய் நிற்கலாம்; ஒட்டுக்கேட்பவன் காதில் விழுந்தாலும் மறுபடி பயன்படாத கடவுச்சொல்லை உண்டாக்க அவர் ஒரு வழி சொன்னார்.

அந்தச் செயலி எண்ணை எங்கிருந்து வாங்குகிறது? எங்கிருந்தும் இல்லை. விமானத்தில் சிக்னலே இல்லாதபோதும் காட்டும். முதல் நாளிலேயே உங்கள் கைபேசிக்கும் அந்தப் பக்கத்துக் கணினிக்கும் ஓர் இரகசியம் பொதுவாகிவிடுகிறது. பிறகு இரண்டும் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை முப்பது விநாடி கழிந்தது என்று தனித்தனியே எண்ணி, அந்த இரகசியத்தோடு சேர்த்துப் பிசைந்து, ஆறு இலக்கமாகக் கிள்ளி எடுக்கின்றன. பேசிக்கொள்ளாத இரண்டு பஞ்சாங்கக்காரர்கள் ஒரே நேரத்தில் கிரகணம் குறிப்பதைப் போலத்தான். கைபேசியின் கடிகாரம் தவறினால்? வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வரும் அதே தகராறு வரும்.

நமக்குப் பெரும்பாலும் வாய்த்ததோ குறுஞ்செய்தி ஓடிபி. உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது அதன் அளவு. அது ஆங்கிலத்துக்கு; தமிழில் அனுப்பினால் எழுபதுதான். அந்த எழுபதும் தொல்காப்பியர் எண்ணும் எழுத்தாக இருக்காது. 'காத்திருக்கவும்' என்ற சொல்லில் அவருக்கு எட்டு எழுத்து. கைபேசிக்குப் பதினைந்து, கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் வாங்கும். ஓடிபி ஏன் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது என்பதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்க.

சொல்லதிகாரம்

'ஒருமுறைக் கடவுச்சொல்' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். ஒருமுறை வருவதில்லை, மூன்று முறை வருகிறது. கடவு என்று பார்த்தால், பாதி நேரம் கடக்க விடுவதில்லை. சொல் என்று பார்த்தால், அது எண். மூன்றும் பொய்த்த ஒரு தொகைநிலைத் தொடரை மக்கள் ஏற்காமல் 'ஓடிபி' என்றே வழங்குவதில் வியப்பில்லை.

ஓடிபி ஆங்கில முதலெழுத்துகளின் கூட்டு என்பர் ஒரு சாரார். இவ்வாய்வாளர் அதை மறுக்கிறார். கடவுச்சொல் கேட்கும் கணினி கூடத்தில் இருக்க, எண் வரும் கைபேசி படுக்கையறையில் சார்ஜில் கிடக்க, நடுவில் 30 விநாடி மட்டும் இருக்க, வீட்டார் செய்யும் தொழில் எது? ஓடிப் பிடிப்பது. 'ஓடிப்பிடி' என்பதே கடைக்குறைந்து 'ஓடிப்பி' ஆகி, ஒற்றும் இழந்து 'ஓடிபி' என்று மருவியது. கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர் எவரும் இம்முடிபை ஏற்பர்.

இனி வினை. ஓடிபி 'வரும்', 'வராது', 'வந்துட்டுப் போயிடும்'. திரையோ 'அனுப்பப்பட்டது' என்று இறந்த காலத்தில் அடித்துச் சொல்லும். கையில் எண் இல்லாதபோது இறந்த காலம் எப்படிப் பொருந்தும்? இதற்குத் தமிழ் இலக்கணத்தில் முன்பே இடம் இருக்கிறது. சோறு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, வாசலில் நிற்பவரிடம் 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அது விரைவு பற்றிய கால வழுவமைதி. ஓடிபி அனுப்புவோர் இலக்கணம் கற்றவர்கள்.

விகுதியும் உண்டு. வணிகச் செய்திகள் எண்ணிலிருந்து வருவதில்லை. எழுத்துகளால் ஆன ஒரு பெயரிலிருந்து வருகின்றன. 2025 முதல் அப்பெயருக்கு ஒரு வால் எழுத்தும் உண்டு. பி என்று முடிந்தால் விளம்பரம். எஸ் என்றால் சேவை. டி என்றால் பரிவர்த்தனை. ஜி என்றால் அரசு. வழக்கமான பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து 'வங்கி' என்று சொல்லிக்கொண்டு வந்தால், அது விகுதி பெறாத பகாப்பதம். பார்த்த மாத்திரத்தில் ஐயுறுக.

பொருளதிகாரம்

இங்கேதான் ஆய்வின் உயிர் இருக்கிறது. ஓடிபி இருவகைப்படும்: அக ஓடிபி, புற ஓடிபி.

புற ஓடிபி பிறரிடம் சொல்வதற்காகவே பிறந்தது. ஆட்டோ ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, வணக்கம்கூடச் சொல்லாமல், 'ஓடிபி சொல்லுங்க சார்' என்பார். சொன்னால்தான் சக்கரம் நகரும். பார்சல் கொண்டுவரும் தம்பிக்கும், சிலிண்டர் தூக்கி வருபவருக்கும் இதே வழக்கு. அவர் நம் எதிரே நிற்கிறார். பொருள் அவர் கையில் இருக்கிறது. எண் நம் வாயில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் வெட்டவெளியில் நடக்கிறது. தெருவே கேட்டாலும் குற்றமில்லை.

அக ஓடிபி சொல்லத் தகாதது. நம் விரலுக்கும் நம் திரைக்கும் நடுவே தொடங்கி அங்கேயே முடிய வேண்டியது. அகத்திணையில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது விதி. வங்கிச் செய்தி அதை வழுவாமல் காக்கிறது. 'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்று மட்டும் தொடங்குகிறது. கணினி வழி அட்டைச் செலவுக்கு, அட்டையில் அச்சிட்டிராத கூடுதல் சான்று ஒன்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. நம் வீடுகளில் ஓடிபி களவொழுக்கம் தொடங்கியது அதையொட்டித்தான்.

அக ஓடிபிக்கு உரிய திணை எது? காத்திருத்தல் அதன் தொழில். ஆகவே இருத்தலை உரிப்பொருளாகக் கொண்ட முல்லை என்பார் ஒருவர். வந்து சேரும்போது காலாவதியாகி நம்மை அழவைக்கிறது. ஆகவே இரங்கலுக்குரிய நெய்தல் என்பார் இன்னொருவர். இவ்வாய்வாளர் களப்பணி செய்து கண்ட முடிவு: பாலை. கைபேசி எண்ணும் அதன் உடையவரும் பிரிந்திருக்கும்போதுதான் ஓடிபி தன் முழு வடிவத்தைக் காட்டுகிறது.

களம்: கோலாலம்பூர், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம். ஈப்போவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். என் புதிய அட்டை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டுக்குத் தேவையென்றால் உடையவரே திறந்துவிட வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. நல்ல விதிதான். ஊரில் இருக்கும்போதே திறந்திருக்க வேண்டும். செயலிக்குள் போனேன். ஓடிபி அனுப்பப்பட்டது என்றது. எந்த எண்ணுக்கு? இந்திய எண்ணுக்கு. இந்திய சிம் எங்கே? மலேசிய சிம்முக்கு இடம் விட்டுக்கொடுத்துவிட்டு, பர்ஸில் பழனி முருகன் படத்துக்குப் பின்னால். கைபேசியில் இரண்டாவது சிம் போடும் இடத்தில், பயணப் படங்களுக்காக, மெமரி கார்டு குடியிருந்தது.

சிம் தட்டைத் திறக்க ஒரு ஊசி வேண்டும். அது கைபேசிப் பெட்டியோடு சென்னையில் அலமாரியில் இருந்தது. ரயில் நிலையத்தில் நின்றபடியே என் மனைவி தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். 'இதுக்குத்தான் மாட்டி வெச்சிருக்கேன்னு நெனச்சீங்களா' என்றும் கேட்டாள். தட்டு வெளியே வந்தது. நானோ சிம் 12.3 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம். கறிவேப்பிலை இலையைவிடச் சிறியது. கைதவறித் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. என்னோடு சேர்ந்து ஒரு சீனப் பெரியவரும் குனிந்து தேடினார். கிடைத்தது. போட்டேன். உள்ளூர் டவரைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ள அதற்கு நான்கு நிமிடம் ஆனது. பிறகு மூன்று ஓடிபி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மூன்றில் எது செல்லும்? புதிதாகக் கேட்டதும் பழையது செத்துவிடும். ஆகவே கடைசியாகக் கேட்டது. ஆனால் கடைசியாகக் கேட்டதுதான் கடைசியாக வரும் என்பதற்குக் குறுஞ்செய்தி உலகில் உத்தரவாதம் இல்லை. இடையில் ஒரு நிலையத்தில் தேங்கி, வழி கிடைத்தபோது கிளம்பும் தபால் அது. மூன்றையும் அடித்துப் பார்த்தேன். கணக்கு 24 மணி நேரத்துக்குப் பூட்டப்பட்டது. மனைவி கைப்பையைத் திறந்து ரிங்கிட் நோட்டுகளை எடுத்து நீட்டினாள். அவற்றுக்கு யாரும் ஓடிபி கேட்கவில்லை.

அடுத்த ரயில்வரை இருந்த நேரத்தில் இவ்வாய்வாளர் இலக்கியச் சான்று தேடினார். நம் மரபில் ஓடிபி இல்லையா? இருந்தது. அசோகவனத்தில் ஒரு குரங்கு வந்து 'நான் இராமன் தூதன்' என்றால் சீதை எப்படி நம்புவாள்? ஏற்கனவே ஒருவன் வேடமிட்டு வந்து அவளை ஏமாற்றியிருக்கிறான். அதனால்தான் அனுமன் இரண்டு சான்று கொண்டுபோனான். ஒன்று, இராமன் பெயர் பொறித்த கணையாழி. இன்னொன்று, இராமனும் சீதையும் மட்டுமே அறிந்த பழைய நினைவுகள். கையில் இருப்பது ஒன்று, மனத்தில் இருப்பது ஒன்று. இன்றைக்கு வங்கிகள் கேட்பதும் இதே இரண்டுதான். சீதை அத்தோடு விடவில்லை. சூடாமணியைக் கொடுத்து, காகம் வந்த கதையையும் சொல்லி அனுப்பினாள். போனவன் உண்மையில் தன்னைத்தான் பார்த்தான் என்று இராமனுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

எதிர்ச்சான்றும் உண்டு. பாண்டியன் சிலம்பைப் பார்க்காமலேயே பொற்கொல்லன் சொல்லை நம்பினான். உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று சரிபார்க்கவில்லை. அந்தச் சோதனை கோவலன் கொலையுண்ட பிறகுதான் நடந்தது. ஒரேயொரு சரிபார்ப்பு தவறியதில் மதுரை எரிந்தது. மன்னனுக்கு 'மீண்டும் அனுப்பு' பொத்தான் தரப்படவில்லை.

புறனடை

என் அப்பா மன்னார்குடிப் பக்கம் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய ஓய்வூதியக் கணக்கில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. வேலை சென்னையில் என் கணினியில். ஓடிபி மன்னார்குடியில் அவர் கையில்.

"அப்பா, ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாருங்க."

"இருப்பா, கண்ணாடிய எடுத்துக்கிறேன்... ம், வந்திருக்கு. ரீசார்ஜ் முடியப்போவுதாம்."

"அது இல்லப்பா, இன்னொண்ணு. ஆறு நம்பர் இருக்கும்."

"ஆமா. நாலு லட்சத்து எழுபத்தோராயிரத்து முந்நூத்தி அஞ்சு."

சேமிப்புக் கணக்குப் பிரிவில் பாதி ஆயுள் உட்கார்ந்தவருக்கு எண் என்றால் தொகைதான். நான் அதைத் தனி இலக்கமாகப் பிரிப்பதற்குள் அவர் கேட்டார்: "கீழ ஒண்ணு போட்டிருக்கே. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு. உன்ட்ட சொல்லலாமா?"

'நான் என்ன யாரோவா?' என்று அன்று சிரித்தேன். இந்நூலை எழுதத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கேள்வியைவிடச் சரியான கேள்வியை எந்த ஆர்எஃப்சியும் கேட்கவில்லை என்று உறைத்தது. ஓடிபி 'நீ யார்' என்று அறியாது. கைபேசி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் அறியும். அந்த இடைவெளியில்தான் திருடன் நுழைகிறான். அக ஓடிபியைப் புற ஓடிபி என்று நம்பவைப்பதே அவன் முழுத் தொழில். 'பணம் வரப்போகுது, நம்பர் சொல்லுங்க' என்பான். பணம் உள்ளே வர எந்த எண்ணும் வேண்டாம்; வெளியே போகத்தான் வேண்டும். குறுஞ்செய்தியைத் தவிர வேறு சான்றுகளுக்கும் 2026 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வழிசெய்திருக்கிறது. சான்று எதுவாக மாறினாலும் கேட்கும் குரல் மாறப்போவதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கி, 'போன்ல யார் கேட்டாலும் சொல்லாதீங்க, நானே கேட்டாலும் யோசிங்க' என்று முடித்தேன். போன வாரம் மறுபடி ஓர் ஓடிபி தேவைப்பட்டது. அழைத்தேன்.

"வந்திருக்கு. ஆனா நீ யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்பல்லாம் குரலையே மாத்திப் பேசுறானாம். பேப்பர்ல போட்டிருக்கான்."

"அப்பா, நேரம் போயிட்டிருக்கு."

"உரியவர் கையெழுத்து இல்லாம ஒரு பதிவுத் தபால் நான் குடுத்தது கிடையாது. ரெண்டாங்கிளாஸ்ல ஒரு டிபன் பாக்ஸைத் தொலச்சியே, அது மூடியில யார் பேரு வெட்டியிருந்துச்சு?"

"அத்தை பேருப்பா. அவங்க கல்யாணத்துக்கு வந்த பாத்திரம்."

"இனிஷியல்?"

இனிஷியலையும் சொன்ன பிறகுதான் எண்ணைப் படித்தார், இந்தத் தடவை ஒவ்வோர் இலக்கமாக. நேரம் முடிந்திருந்தது. "பரவால்ல, இன்னொண்ணு அனுப்பச் சொல்லு. நீதான்னு இப்ப உறுதியாயிடுச்சு" என்றார்.

உங்கள் வீட்டிலும் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்று இருக்கும். அது யாருடைய பெயர், எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று இன்றைக்கே அப்பா அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது, நேரில் போய்க் கேளுங்கள்.